அமெரிக்காவில் பருத்தி எடுத்தது யார்?

அண்ணாச்சி,

போன வாரம் கோவில்பட்டியில் ஒரு கல்யாணம். சாப்பாடு முடிந்ததும் இரு வீட்டுப் பெரியவர்களும் ஏதோ பேசவேண்டும் என்று ஓர் அறையில் உட்கார்ந்தோம். மண்டபத்துக்காரர் ஒருவர் வந்து ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தத் தொடங்கினார்.

“எதுக்கு ஜன்னலச் சாத்துதீங்க?” என்று கேட்டுவிட்டேன். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது.

“ஏசி போட்டிருக்கு பெரியவரே. குளிரு வெளிய போயிரும்” என்றார் அவர். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் பேச்சு முடிகிறவரை கதவை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியை விட்டு நான் நகரவில்லை. சாத்திய அறையின் அந்த மூச்சு முட்டும் வாசனை வந்தவுடன் எனக்கு உங்கள் நினைவு வந்துவிட்டது.

நீங்கள் எனக்கு வாத்தியார் இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்று வகுப்பு மேலே படித்தவர், அவ்வளவுதான். நான் பத்தாவதோடு நின்று நிலத்துக்குப் போனேன். நீங்கள் பட்டம் வாங்கி, கோவில்பட்டியில் பையன்களுக்குச் சரித்திரம் நடத்தப் போனீர்கள். ஆனால் உங்கள் அப்பா விட்டுப்போன கரிசலும் என்னுடைய கரிசலும் ஒரே வரப்பின் இரண்டு பக்கம். சனிக்கிழமை தோறும் நாகலாபுரம் பஸ்ஸில் வந்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகக் கரிசல் காட்டுக்கு வந்துவிடுவீர்கள்.

உங்களைப் போல் சந்தேகப்படுகிற மனிதரை நான் பார்த்ததில்லை. கண்டக்டர் வழக்கத்துக்கு மாறாகச் சிரித்துப் பேசினால், “இவன் இன்னைக்கு என்னத்துக்குச் சிரிக்கான்?” என்பீர்கள். ஊருக்குச் சாமியார் வந்தால் எல்லோரும் முகத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள். நீங்கள் பாதத்தைப் பார்ப்பீர்கள், வெயிலில் நடந்த பாதமா என்று. நெருக்கடி நிலை போய் ஓரிரண்டு வருஷம் ஆகியிருந்த காலம் அது. நாலு பேர் கூடி நின்றால் ஐந்தாவது ஆள் யார் என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்குமே இருந்தது. உங்களுக்கு அது பிறவியிலேயே இருந்தது.

நம் பக்கத்து ஐந்து ஊர்ப் பருத்தியும் அப்போது ஒரே கமிஷன் கடைக்குத்தான் போகும். மாதிரி பார்க்க ஒரு கை, கோயிலுக்கு ஒரு கை, கடை விளக்குக்கு ஒரு கை என்று மூட்டைக்கு மூட்டை கடை முதலாளியின் ஆட்கள் அள்ளுவார்கள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அந்த வருஷம் புதிதாகக் கட்டடக் கழிவு என்று மூட்டைக்கு ஒரு பிடித்தம் வந்தது. விவசாயிகள் வந்து தங்க ஒரு கட்டடம் கட்டப்போகிறார்களாம். அதே சமயம் பருத்தி விலையையும் முதலாளி ஏற்றிக் கொடுத்தார். கழிவு போகக் கையில் கூடத்தான் கிடைத்தது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம்.

“கூடக் கிடைக்குன்னு நெனைச்சுக்கிட்டு வாய மூடிருவோம்னு அவருக்குத் தெரியும்” என்றீர்கள், பஸ் நிறுத்தத்து டீக்கடையில் நின்றுகொண்டு. கையில் இருந்த கிளாஸைத் தூக்கிக் காட்டி, “இந்தத் தேயிலைக்குத்தாண்டே ஒரு நாடே உண்டாச்சு” என்று தொடங்கினீர்கள்.

அமெரிக்காவில் குடியேறியவர்கள் கதையை அன்றுதான் முதலில் கேட்டேன். கடல் தாண்டிய இங்கிலாந்தில் ஒரு சபை உட்கார்ந்து அவர்களுக்கு வரி போட்டதையும், அந்தச் சபையில் அவர்களுக்கு ஓர் ஆள்கூட இல்லாததையும் சொன்னீர்கள். அவர்கள் கப்பலில் ஏறித் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியபோது, தேயிலை முன்னைவிட மலிவாகத்தான் விற்க வந்திருந்தது என்பதை இரண்டு தடவை சொன்னீர்கள்.

“வெலை கூடன்னு அவங்க சண்டை போடல. எங்களக் கேக்காம எப்படிப் போட்டேன்னுதான் சண்டை. கட்டடம் கட்டுதது யாரு, எங்க, யாரு பேருல? நம்மள ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

டீக்கடைக்காரர்கூட அடுப்பை விட்டு வந்து கேட்டார். அங்கே ஆரம்பித்தது.

அந்தப் பட்டத்துப் பருத்தியை ஐந்து ஊரும் கடைக்கு அனுப்பவில்லை. வீட்டுக்குள்ளேயே குவித்து வைத்தோம். எங்கள் வீட்டில் நடுவீடு முழுக்கப் பருத்தி. தீப்பொறி பட்டால் எல்லாம் போய்விடும் என்று என் வீட்டுக்காரி பேச்சியம்மா அடுப்பைத் தூக்கி வெளியே வேப்பமரத்தடியில் வைத்துவிட்டாள். “உங்க அண்ணாச்சி வீட்டுல அடுப்பு எங்கன எரியுது?” என்று அவள் கேட்டதை உங்களிடம் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை உங்கள் வீட்டு அடுப்பும் முற்றத்தில் இருந்தது.

ஊருக்கு ஊர் வதந்தி பறந்தது. தெற்கு ஊர்க்காரன் கள்ளத்தனமாகச் சரக்கு ஏற்றிவிட்டான் என்று கடை ஆட்களே கிளப்பிவிட்டார்கள். நீங்கள் ஊருக்கு ஓர் ஆளை நிறுத்தி, நடந்ததை நடந்தபடி எழுதி பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொன்னீர்கள். அமெரிக்காவிலும் அப்படித்தான் ஊர்கள் ஒன்றுக்கொன்று எழுதிக்கொண்டே இருந்தனவாம். “வதந்திய நிறுத்த முடியாது. அதுக்கு முந்தி நம்ம சேதி போய்ச் சேரணும்” என்றீர்கள்.

மாசி கடந்து பங்குனியில், மேற்கேயிருந்து ஒரு மில் ஏஜெண்டு ஜீப்பில் வந்து இறங்கினார். ஐந்து ஊர்ப் பருத்தியையும் நேராக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மாலை போட்டார்கள், இளநீர் வெட்டினார்கள். நீங்கள் மட்டும் தள்ளி நின்றீர்கள்.

“என்ன அண்ணாச்சி, மூஞ்சி இப்படி இருக்கு?”

“பிரான்ஸ்காரன் கப்பல் வந்தாச்சு. வந்ததாலதான் அங்க செயிச்சாங்க. ஆனா அவன் அமெரிக்காக்காரன் மேல இருந்த பாசத்துல வரல. இங்கிலாந்து மேல இருந்த பகையில வந்தான். இவருக்கும் நம்ம மொதலாளிக்கும் என்ன பகைன்னு விசாரிச்சுக்கோ.”

விசாரித்தேன். பெரிய பகை இருந்தது. இருந்தாலும் பருத்தியை அவருக்கே கொடுத்தோம். வேறு வழியில்லை என்று நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள். கமிஷன் கடையிலிருந்து ஆள் வந்தது. கட்டடக் கழிவு இல்லை, எந்தக் கழிவுமே இல்லை, திரும்பி வாருங்கள் என்றார்கள். நாங்கள் போகவில்லை. வெடி போட்டோம்.

அதற்குப் பிறகுதான் வினை. பகையாளி போனதும் ஐந்து ஊரும் ஒன்றையொன்று முறைத்துப் பார்க்கத் தொடங்கின. ஒரு ஊர் ஈரப் பருத்தியைக் கலந்து அனுப்பியது. விலை எல்லோருக்கும் விழுந்தது. இன்னோர் ஊர் தனியாக ஏஜெண்டைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தது. பொதுவில் ஒரு தராசு வாங்கலாம் என்றால், அது யார் ஊரில் இருப்பது என்று ஒரு மாதம் சண்டை. “அவங்க கதையும் இதேதான்” என்றீர்கள். பதிமூன்று மாகாணமும் சேர்ந்து ஜெயித்தன. ஜெயித்த பிறகு பொதுச் சபை கேட்டால் எவனும் வரி தரவில்லை. சண்டை போட்ட சிப்பாய்க்குச் சம்பளம் இல்லை. கடனில் மூழ்கிய விவசாயிகள் ஒரு மாகாணத்தில் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்கள். கடைசியில் பிலடெல்பியா என்கிற ஊரில் ஒரு கோடைகாலம் முழுக்க உட்கார்ந்து, புதிதாக ஓர் ஆட்சிக்கு விதி எழுதினார்கள்.

நாமும் ஐந்து ஊருக்கும் ஒரு சங்கம், அதற்கு விதி என்று எழுத உட்கார்ந்தோம். ஊருக்கு இரண்டு பேர். ஐந்தில் பெரிய ஊரில், மூடிக் கிடந்த பழைய பருத்தி அரைவை ஆலைக் கொட்டகை. சித்திரை வெயில். எல்லோரும் உள்ளே வந்ததும் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னீர்கள்.

“யோவ் வாத்தியாரே, ஆளக் கொல்லப் பாக்கீரா?” என்றார் ரங்கசாமி. பெரிய ஊரிலேயே அதிகக் காடு வைத்திருந்தவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் வெளியிலும் அதுதான் வரும்.

“அங்கயும் அடைச்சுத்தான் பேசினாங்க. வெளிய ஆளு கேட்டுக்கிட்டிருந்தா, ஒருத்தன் சொன்ன சொல்லுலயே வெறைச்சுக்கிட்டு நிப்பான். யாரும் கேக்கலன்னாத்தான் ‘நான் நேத்துச் சொன்னது தப்பு’ன்னு மாத்திப் பேசுவான்.”

பழைய பருத்திப் பஞ்சும் எலிப் புழுக்கையும் பத்துப் பேர் வேர்வையும் கலந்த அந்த வாசனைதான், அண்ணாச்சி, கல்யாண மண்டபத்தில் எனக்கு வந்தது.

ரங்கசாமி, எவ்வளவு காடோ அவ்வளவு ஓட்டு என்றார். எங்கள் ஊர்தான் ஐந்திலும் சின்னது. ஊருக்கு ஓர் ஓட்டு என்றேன் நான். இரண்டு நாள் அதிலேயே போனது. அப்போதுதான் பிலடெல்பியாவில் செய்ததைச் சொன்னீர்கள்: ஒரு சபையில் ஆள் கணக்குக்குத் தக்க இடம், இன்னொரு சபையில் மாகாணம் பெரிதோ சிறிதோ ஒரே அளவு இடம், இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். நாமும் அதையே நமக்குத் தக்க மாதிரி வெட்டித் தைத்தோம். சங்கத் தலைவர் தனியாக ஏஜெண்டைப் பார்க்கக்கூடாது. தராசு ஒரு ஊரில் என்றால் படிக்கல் இன்னோர் ஊரில். ஒருவரையொருவர் நம்பாத பத்துப் பேர் எழுதிய விதி என்பதால் எல்லா ஓட்டையும் அடைபட்டது. “நம்பிக்கையில கட்டினா இடிஞ்சிரும்டே. சந்தேகத்துல கட்டினது நிக்கும்” என்று நீங்கள் சிரித்தது நினைவிருக்கிறது.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். பேச்சியம்மா பிறர் காட்டில் பருத்தி எடுத்துவிட்டு, கூலியாகக் கிடைத்த பருத்தியை மடியில் கட்டிக்கொண்டு அப்போதுதான் வந்திருந்தாள். பிலடெல்பியா கதை முழுவதையும் சொன்னேன். மடியை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

“அந்த அமெரிக்காவுல பருத்தி வெளையுமா?”

“வெளையுமாம்.”

“அத யாரு எடுத்தா?”

எனக்குத் தெரியவில்லை.

“சபையில இருந்தவிய எடுத்திருக்க மாட்டாவ. அப்ப எடுத்தவிய எங்க இருந்தாவ? உங்க அண்ணாச்சி அவ்வளவு கதை சொன்னாரே, அவியளப் பத்தி ஒண்ணுமே சொல்லலயா?”

உங்களிடமிருந்து எனக்குத் தொற்றிய வியாதி அன்றுதான் உங்கள் மேலேயே திரும்பியது. மறுநாள் எல்லோரும் கையெழுத்துப் போடக் காத்திருந்தபோது கேட்டேன்.

“அண்ணாச்சி, அந்த நாட்டுல பருத்தி எடுத்தது யாரு?”

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். துடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

“அந்தச் சமயம் பருத்தி ரொம்பக் கெடையாது. பொகையில, நெல்லு. பருத்தி பொறவு வந்துச்சு” என்றீர்கள்.

“சரி. பொகையில போட்டது யாரு?”

“அடிமைங்க. ஆப்பிரிக்காவுல இருந்து பிடிச்சுட்டு வந்தவங்க.”

“அவியளுக்குச் சபையில எடம் உண்டா?”

“அவங்களுக்கு இல்ல. அவங்க மொதலாளிமாருக்கு உண்டு. எத்தனை எடம்னு கணக்குப் போடும்போது மட்டும், அஞ்சு அடிமைய மூணு ஆளுன்னு சேத்துக்கிட்டாங்க.”

எல்லா மனிதரும் சமம் என்று எழுதிக்கொண்டு பிரிந்து வந்தவர்கள் என்றுதான் அதுவரை சொல்லியிருந்தீர்கள்.

பருத்தி எடுக்கிற பெண்களின் கூலிப் பருத்தியும் நம் சங்கத் தராசுக்குத்தானே வருகிறது, அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்றேன். ரங்கசாமி எழுந்துவிட்டார். “காடு இல்லாதவங்களுக்குச் சங்கத்துல என்ன எடம்? அப்படின்னா எங்க ஊரு வராது. ஒத்து!” வேண்டாம் என்பதற்கு அவர் சொல். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள்.

“மொதல்ல சங்கம் உண்டாகட்டும், சொடலை. அவங்க விசயத்தப் பொறவு பாப்போம்.”

“அங்கயும் இப்படித்தான் சொல்லிருப்பாவ. அந்தப் பொறவு எப்ப வந்துச்சு?”

பொய் சொல்லியிருக்கலாம் நீங்கள். எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. “முக்கா நூத்தாண்டு கழிச்சு” என்றீர்கள். “உள்நாட்டுச் சண்டையில லட்சக்கணக்குல செத்த பொறவு.”

நான் கையெழுத்துப் போடவில்லை. மற்றவர்கள் போட்டார்கள். நீங்களும் போட்டீர்கள். கதவைத் திறந்துகொண்டு நான் வெளியே வந்தபோது, தலையைக் குனிந்தபடி என் பின்னாலேயே வந்து, “அங்கயும் மூணு பேரு போடல” என்று மட்டும் சொன்னீர்கள். அது ஆறுதலா பாராட்டா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு சனிக்கிழமை வரப்பில் எதிரெதிரே நின்றும் பேசவில்லை.

அந்தக் கோடையில் கடைசி எடுப்புக்குக் காய் மொத்தமாக வெடித்தது. ரங்கசாமி காடு வெள்ளை விரித்த மாதிரி கிடந்தது. மேற்கே கழுகுமலைப் பக்கம் மழைக் கருக்கல் கட்டியது. ஒரு மழை விழுந்தால் பருத்தி அத்தனையும் மண்ணோடு மண். அன்று பெண்கள் யாரும் காட்டில் இறங்கவில்லை. ஐந்து ஊர்ப் பெண்களும் கண்மாய்க் கரையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பேச்சியம்மா முன்னால் இருந்தாள். என்னிடம்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை. “நீங்க அண்ணாச்சிட்ட சொல்லிருவீங்க” என்றாள், நான் கேட்டதற்கு.

யார் சொல்லியனுப்பினார்களோ, வார நாளிலேயே லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினீர்கள். கரைக்கு வந்த உங்களைப் பேச்சியம்மா நிறுத்தினாள்.

“நீங்க யாரு பக்கம்?”

“உங்க பக்கம்தான் தாயி.”

“கொட்டகைக்குள்ள வேற பக்கம் இருந்தீங்களே.”

உங்கள் முகம் வாடவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. “ஆமா. அதனால என்னைய நம்ப வேண்டாம். ரங்கசாமி அண்ணாச்சியையும் நம்ப வேண்டாம். உன் வீட்டுக்காரனையும் நம்பாத. விதியில எழுதச் சொல்லி, எழுதுன பொறவு காட்டுல எறங்கு.”

அவள் கேட்டது இரண்டுதான். கூலிப் பருத்தியும் அதே தராசில் அதே விலைக்குப் போகவேண்டும். சபையில் அவர்கள் ஆட்கள் இருவர் வேண்டும். ரங்கசாமி வானத்தைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார், உங்களை முறைத்தார். “வாத்தியாரே, இது உம்ம வேலைதானே?” என்றார். “இல்ல அண்ணாச்சி. எனக்கு இவ்வளவு தைரியம் கெடையாது” என்றீர்கள். முதல் தூற்றல் விழுந்தபோது அவர் கண்மாய்க் கரையிலேயே ஒப்புக்கொண்டார். மழை ஏமாற்றிவிட்டுப் போய்விட்டது. பருத்தி வீடு வந்து சேர்ந்தது. புது விதியில் நானும் கையெழுத்துப் போட்டேன். பேச்சியம்மா என் பெயருக்கு மேலே போட்டாள்.

இரண்டு வருஷம் சங்கத் தலைவராக இருந்தீர்கள். மூன்றாவது வருஷமும் இருக்கவேண்டும் என்று ரங்கசாமியே வந்து கெஞ்சினார். படையை நடத்தி ஜெயித்த அமெரிக்காக்காரர்களின் முதல் தலைவரும் இரண்டு முறையோடு எழுந்து தன் பண்ணைக்குப் போய்விட்டார் என்று சொல்லி மறுத்துவிட்டீர்கள். அந்தப் பண்ணையிலும் அடிமைகள் இருந்தார்கள் என்பதையும், யாரும் கேட்காமலேயே, இந்த முறை நீங்களே சொன்னீர்கள்.

நீங்கள் சந்தேகப்பட்டது எல்லாம் நடந்தது. ஜீப்பில் வந்த ஏஜெண்டு சில வருஷத்தில் பழைய முதலாளியை விடப் பெரிய முதலாளி ஆனார். சங்கம் இரண்டாக உடைந்து, பிறகு ஒன்றாகி, கடைசியில் எங்கள் காடுகளில் பருத்தி குறையக் குறையத் தானும் தேய்ந்தது. இருந்தவரைக்கும் கூலிப் பருத்திக்குத் தனித் தராசு வரவில்லை. அது மட்டும் வரவேயில்லை.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கடைசியாக உங்களைப் பார்த்தேன். உடம்பு சாக்குப் போல் சுருங்கியிருந்தது. “சங்கம் எப்படி இருக்கு?” என்று கேட்டீர்கள்.

“ஒருத்தன ஒருத்தன் நம்ப மாட்டேங்கான் அண்ணாச்சி.”

“அப்ப நல்லாத்தான் இருக்கு” என்று சிரிக்கப் போய் இருமினீர்கள். இருமல் அடங்கியதும், வருஷக்கணக்காக மனசில் கிடந்ததைக் கேட்டேன்.

“அந்த அடிமைங்க கதைய அன்னைக்கு மறந்துட்டீங்களா, மறைச்சீங்களா?”

“மறைச்சேன்” என்றீர்கள், உடனே. “அழகான கதையா இருந்தாத்தான் அஞ்சு ஊரும் சேரும்னு நெனைச்சேன். நீ கேட்டுட்ட. கேக்காம இருந்திருந்தா நான் சொல்லிருக்க மாட்டேன்.”

அவ்வளவு வெறுப்பும் அவ்வளவு பிரியமும் ஒரே நொடியில் எனக்கு வேறு யார் மேலும் வந்ததில்லை. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து எழுப்பிவிட்டாள்.

நீங்கள் போன பிறகு நடந்த இரங்கல் கூட்டத்தில் ஒருவர், யாரையும் சந்தேகிக்கத் தெரியாத வெள்ளை மனம் உங்களுக்கு என்று பேசினார். எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. உங்களைப் பற்றி அதைவிடப் பெரிய பொய்யை யாரும் சொல்ல முடியாது.

இப்போதும் ஊரில் யாராவது ஒரு சங்கம், ஒரு கட்சி, ஒரு கூட்டுறவு என்று நல்ல கதையோடு வருகிறார்கள். எனக்குப் பிடிக்காதவர்கள் சொன்னால் நான் கேட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுவேன். பிடித்தவர்கள் சொன்னால்தான் குடைவேன். கதை எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு கேள்வி கேட்பேன். அதனால் எனக்குக் கூட்டாளிகள் குறைவு. மிஞ்சியவர்கள் உறுதியானவர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பேச்சியம்மா வந்து எட்டிப் பார்த்தாள். யாருக்கு என்று கேட்டாள், சொன்னேன்.

“கையெழுத்துப் போட்டுட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்தாவளே, அதையும் எழுதுங்க” என்றாள். “நல்லத மட்டும் எழுதினா அவியளே நம்ப மாட்டாவ.”

எழுதியிருக்கிறேன், அண்ணாச்சி.

சுடலைமுத்து